சம்பந்தமில்லாத வேலை

எனக்குச் சம்பந்தம் பார்ப்பதை எங்கள் வீட்டில் நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. முதலில் அத்தைமார்கள் ஓய்ந்தார்கள். பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசியில் அம்மாவும் அண்ணன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு விமானம் ஏறினார். இனி அந்தச் சொல்லை யாரும் என் காதில் போடமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு கோடிங் பள்ளிக்கூடம் அதே கேள்வியோடு வந்து நின்றது. சம்பந்தம் உண்டா, இல்லையா? இந்த முறை கேட்டது மாப்பிள்ளையைப் பற்றி அல்ல, நான் படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் நடுவே இருப்பதைப் பற்றி.

அதற்கு முன் இங்கே சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு சரக்கு கம்பெனியில் இருந்தேன். கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களைச் சரிபார்ப்பது வேலை. எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் இளமை முழுக்க அந்தக் காகிதங்களோடுதான் போயிற்று. ஒருநாள் எங்கள் பிரிவை மொத்தமாக வேறொரு நாட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். எங்களைக் கூட்டி வைத்துக் கேக் வெட்டினார்கள். ஆட்குறைப்புக்கு எதற்குக் கேக் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்காமல் தின்றுவிட்டு வந்தேன். அந்தக் கேக் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

வீடு செங்காங்கில். ஒற்றை ஆளுக்கு அரசாங்கம் விற்கும் சின்ன வீடுதான். ஜன்னலுக்கு நேரே எல்ஆர்டி ரயில் போகும். அதன் கண்ணாடி எங்கள் அடுக்குமாடி புளோக்கை நெருங்கும்போது தானாக மங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் எங்கள் வீடுகளை எட்டிப் பார்க்கக் கூடாதாம். என் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு எரிச்சலாக வரும். வேலை போன அந்த மாதங்களில் பேச்சே மறந்துவிடும்போல் இருந்தது. கீழே கோப்பிக் கடையில் பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு ‘தே ஓ கொசோங்’ என்று சொல்வதுதான் அன்றைய முழுப் பேச்சு. அதையும் ஒரு நாள் கடைக்காரர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கலக்கி வைத்துவிட்டார். அவருக்கு அது உபசாரம். எனக்கு அன்று பேச எதுவும் இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் கைப்பேசியில் அந்த விளம்பரம் வந்தது. கோடிங் கற்றுத் தருகிறோம், இப்போது ஒரு காசும் கட்ட வேண்டாம், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்.

பள்ளி லாவெண்டர் பக்கம் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. ஒப்பந்தத்தை நான் வரிவரியாகப் படித்தேன். காகிதம் படித்தே சோறு தின்றவளாயிற்றே. சம்பளம் குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் போனால் மாதாமாதம் ஒரு பங்கு. சில வருடங்கள் கட்ட வேண்டும், அல்லது மொத்தம் ஓர் உச்சவரம்பைத் தொட்டுவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். வேலை கிடைக்காவிட்டால் எதுவும் தர வேண்டாம். கிடைத்த வேலை பயிற்சிக்குச் சம்பந்தமில்லாதது என்று காட்டினால், அந்த வேலையில் இருக்கும்வரை பங்கு கிடையாது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நியாயத்தைவிட வேறொன்று என்னை இழுத்தது. இவள் தேறுவாள் என்று நம்பி ஒருவர் பணத்தைப் போடுகிறார். அப்படி யாரும் என்னை நம்பி நாளாகிவிட்டது. சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டேன்.

வகுப்பில் நான்தான் மூத்தவள். மற்றவர்கள் இருபதுகளில் இருந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் மதியம் சாப்பிடப் போகும்போது கூட்டமாக எழுந்து போய்விடுவார்கள். என்னைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, நானாகப் போய் ஒட்டிக்கொள்ளவும் மனம் வராது. ஜாலான் புசாரைத் தாண்டி நடந்து தேக்கா உணவுச் சந்தைக்குப் போய்ச் சாப்பிடுவேன். மேசையில் எதிரே யாராவது உட்காருவார்கள், ‘இங்க ஆள் இருக்கா?’ என்று கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

ஆனால் கோடிங் எனக்குப் பிடித்துப்போனது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் எழுதியது ஓடும்போது மனசுக்குள் ஒரு துள்ளல் வரும். அதைச் சொல்லத் திரும்பினால் பக்கத்து நாற்காலிப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

படிப்பு முடிந்தது. விண்ணப்பம் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். சில இடங்களில் கூப்பிட்டார்கள். கேமராவில் என் முகத்தைப் பார்த்ததும் எதிரே இருக்கும் பிள்ளைகளின் குரல் தானாகத் தணிந்துவிடும், பெரியவர்களிடம் பேசுகிற குரலாகிவிடும். அப்போதே தெரிந்துவிடும். ஒருவரும் வேலை தரவில்லை.

கடைசியில் வேலை வந்தது சிராங்கூன் ரோட்டிலிருந்து. பழைய சரக்கு கம்பெனி ஆள் ஒருவர் அங்கே ஒரு முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து மசாலா, பருப்பு, பூ எல்லாம் இறக்கும் மொத்த வியாபாரி அந்த முதலாளி. கீழே சில்லறைக் கடை, மேலே ஆபீஸ், வீட்டிலிருந்தபடியே வாங்குவதற்கு ஓர் இணையக் கடையும் இருந்தது. முதலாளி என் படிப்புச் சான்றிதழைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“கப்பல் பேப்பர் எல்லாம் பாப்பீங்கல்ல?” என்றார்.

“பாப்பேன்.”

“தூத்துக்குடிக்காரனுங்ககிட்ட சத்தம் போடத் தெரியுமா?”

“நல்லாவே தெரியும்.”

“அப்ப திங்கட்கிழம வந்துடுங்க.”

சம்பளம் பள்ளிக்கூடம் போட்ட கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அவ்வளவுதான், வாழ்த்துகள் என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து பங்கு கட்ட வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. என்னை எதற்கு வேலைக்கு எடுத்தார்கள்? ஜூரோங்கில் நான் கற்றதற்கும், என் தொண்டைக்கும். இரண்டையும் பள்ளி கொடுக்கவில்லை. பிறகு எதில் பங்கு? பங்காளிகூடச் சொத்துக்கு வரும்போது தீட்டுக்கும் சேர்த்து வருவான். இவர்கள் சம்பள நாளன்று மட்டும் வருகிறார்கள்.

அந்த நாட்களில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. என்னோடு படித்த ஒருவனுக்குப் பெரிய கம்பெனியில் பெரிய சம்பளம். சீக்கிரமே உச்சவரம்பைத் தொட்டு விடுபட்டுவிடுவான். இன்னொருத்தி அப்பா வீட்டில் சும்மா இருக்கிறாள், ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. கோட்டுக்குச் சற்று மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற என்னைப் போன்றவர்கள்தான் கடைசி மாதம்வரை கட்டுகிறோம். காகிதத்தில் எல்லாருக்கும் ஒரே விதி. அதைப் படித்தபோது நியாயமாகத் தெரிந்தது உண்மைதான், ஆனால் அப்போது நான் சம்பளம் வாங்காதவள்.

சம்பந்தமில்லாத வேலை என்று விண்ணப்பித்தேன். கொஞ்சம் கோபமாகவே எழுதினேன். பரிசீலிக்கிறோம், அதுவரை கட்டுங்கள் என்று பதில் வந்தது. கட்டினேன். எனக்கு அந்தப் பணம் வெறும் பணம் அல்ல. அம்மாவுக்குப் பெர்த் போனதிலிருந்து முழங்கால் சரியில்லை, விமானத்தில் ஏற்ற முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். இனி நான் போனால்தான் உண்டு. வீட்டுக் கடன் போக மிஞ்சுவதில் பங்கும் போய்விட்டால் டிக்கெட்டுக்கு வழியில்லை. பங்கு நின்றால் வருடத்துக்கு ஒருமுறையாவது அம்மா முகத்தைப் பார்க்கலாம். அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இரண்டு கேள்வி கேட்பார். “எப்ப வர்ற?” “இன்னும் தனியாத்தான் சாப்பிடுறியா?”

இதற்கு நடுவே ஆபீஸில் மல்லிப் பிரச்சினை வெடித்தது.

எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு ஊர். மதுரைப் பக்கத்துப் பெண் கணினியில் மல்லி என்று ஏற்றுவாள். சென்னைக்காரர் தனியா என்று ஏற்றுவார். கணக்குப் பார்க்கும் பெரியவர் யாழ்ப்பாண வம்சம், இங்கேயே பிறந்தவர். அவருக்கு அது கொத்தமல்லி. மலாய்க் கடைகளிலிருந்து வரும் ஆர்டரில் கெத்தும்பார். கணினிக்கு இது நான்கு சரக்கு. தனியா இருப்பில் இல்லை என்று அது சொல்ல, சென்னைக்காரர் ஊருக்கு ஆர்டர் போட, கிடங்கில் ஏற்கெனவே கூரைவரை மல்லி மூட்டை. புதுப் பெட்டி வந்து இறங்கிய அன்று முதலாளி கத்திய கத்து கீழே கடைவரை கேட்டது.

“கொத்தமல்லி எண்டா கொத்தமல்லிதானே,” என்றார் கணக்குப் பெரியவர், எதுவுமே நடக்காததுபோல. “அதென்ன தனியா? அது மட்டும் ஏன் தனியா நிக்குது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சனி ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து, ஒரே சரக்கின் பெயர்களை ஒன்றாகச் சேர்க்க ஒரு கணினி நிரல் எழுத ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரப்போவதும் இல்லை. சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. எழுத்து ஒற்றுமையைப் பார்த்துச் சேர்த்தால் சீரகமும் பெருஞ்சீரகமும் ஒட்டிக்கொள்ளும். அவை வேறு வேறு சரக்கு. பெருஞ்சீரகம் போய்ச் சேர வேண்டியது சோம்போடு, ஆனால் அந்த இரண்டு பெயரிலும் ஓர் ஒற்றுமையும் கிடையாது. பெயரில் ஒட்டுவது சரக்கில் ஒட்டாது, சரக்கில் ஒன்றாக இருப்பது பெயரில் விலகி நிற்கும். முதலில் ஓட்டிப் பார்த்தபோது குளிர்பெட்டியில் இருந்த மல்லிப் பூவையெல்லாம் தூக்கிக் கொத்தமல்லி மூட்டையோடு சேர்த்துவிட்டது. பூமாலைக் கடைக்காரர் கழுத்தில் கொத்தமல்லிச் சரம் தொங்குவதாக நினைத்துப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது. உடனே நிறுத்திக்கொண்டேன்.

பல வாரம் பிடித்தது. எந்த ஊர்க்காரர் எந்தப் பெயரில், எந்த எழுத்தில் ஏற்றினாலும் தேடினாலும் சரியான மூட்டையில் போய் நிற்கிற மாதிரி செய்து, ஒருநாள் காலையில் சத்தமில்லாமல் இணையக் கடைக்கும் சேர்த்து ஆபீஸ் கணினியில் ஏற்றிவிட்டேன். சரக்குப் பட்டியலைப் பராமரிக்கும் உரிமை என் கையில்தான் இருந்தது. அந்த மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு சுத்தமாக வந்தது. முதலாளி எல்லாரையும் பார்த்து, “இப்பத்தான் ஒழுங்கா வேல பாக்குறீங்க. திட்டினாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்குது,” என்றார். நான் வாயைத் திறந்தேன். அவருக்குப் போன் வந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். “கம்ப்யூட்டரையே பாத்துட்டு இருக்காத, கண்ணு கெட்டுரும்,” என்றார். வகுப்புத் தோழர்களின் கைப்பேசிக் குழுவில் போட்டேன். யாரோ ஒரு கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதோடு சரி.

பிறகுதான் பள்ளியிலிருந்து நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது.

போவதற்கு முன்பே தீர்மானித்திருந்தேன். அந்த நிரலைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அது என் வேலையில் சேராதது, என் விடுமுறையில் செய்தது, அதற்கு ஒரு காசு வாங்கவில்லை. வேலைக் கடிதத்தில் கப்பல் காகிதம் என்றுதான் இருக்கிறது. கடிதத்தை நீட்டி, கையெழுத்தை வாங்கி, நேரே போய் டிக்கெட் விலை பார்ப்பது என்று இருந்தேன்.

உள்ளே இருந்தவர் முப்பது வயதுக்குள் இருப்பார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். முதலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், கடிதத்தில் என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“தமிழாக்கா நீங்க?”

“ஆமா. இங்கயே பிறந்தது.”

அதன் பிறகு தமிழிலேயே கேட்டார். ஆபீஸில் என்ன வேலை, கோடிங் ஏதாவது செய்யச் சொல்கிறார்களா, சேரும்போது சான்றிதழ் கேட்டார்களா? இல்லை, இல்லை, இல்லை. எல்லாம் உண்மை. அவர் ஒவ்வொன்றாகக் கணினியில் ஒரு படிவத்தில் தட்டிக்கொண்டே வந்தார்.

“தெளிவா இருக்குக்கா. சம்பந்தம் இல்லைன்னு போட்டுடறேன். இந்த வேலைல இருக்கிறவரைக்கும் நீங்க கட்ட வேண்டாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா வீட்டு வாசலே தெரிந்தது.

அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார். “அட, இவங்களா? நான் இவங்ககிட்டதான்க்கா சாமான் வாங்குறேன். குவீன்ஸ்டவுன்ல ரூம் எடுத்து நானே சமைச்சுக்கறேன். எங்க வேலூர்ப் பக்கம் தனியான்னுதான் சொல்லுவோம். இவங்க சைட்ல தனியான்னு தேடினா எப்பப் பாத்தாலும் இல்லைன்னு வரும். நானும் விட்டுட்டேன். போன மாசம் சும்மா போட்டுப் பாத்தேன், டக்குனு வந்துடுச்சு. யாரோ உக்காந்து சரி பண்ணியிருக்காங்க. யாருன்னு தெரியல, நல்லா பண்ணியிருக்காங்க.”

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கடிதம் கையில் இருந்தது, பை தோளில் இருந்தது. எழுந்து வருவதைவிட்டு, “நான்தான்,” என்றேன்.

“என்னக்கா?”

“அத சரி பண்ணது நான்தான்.”

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மடிக்கணினியை எடுத்து அவர் மேசையில் வைத்துத் திறந்தேன். சீரகம் பெருஞ்சீரகத்தோடு ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன், சோம்பை எப்படிப் பிடித்தேன் என்று காட்டினேன். மல்லிப் பூ மூட்டைக்குள் போனதைச் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நான் வீட்டில் நிறுத்திய சிரிப்பை அங்கே சிரித்து முடித்தேன். அவர் நல்ல கேள்வியாகக் கேட்டார். இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள், வேறு வழி பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்டார். அத்தனை மாதத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை.

“இவ்ளோத்தையும் தனியாவாக்கா பண்ணீங்க?”

“தனியாத்தான்,” என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. அவர் திரையில் ‘சம்பந்தம் இல்லை’ என்று போட்ட படிவம் இன்னும் திறந்தே இருந்தது. அவர் அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என் மடிக்கணினியை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“அக்கா, நீங்க இத எங்கிட்ட காட்டலன்னு வச்சுக்கலாம். நான் எதையும் பாக்கல. ஏற்கெனவே போட்டத அப்படியே அனுப்பிடறேன்.”

நல்ல மனிதர். அவர் வேலைக்கே ஆபத்தான காரியம், அதைச் செய்யத் தயாராக இருந்தார். நான் சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அதைப் பார்த்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அவரும் பார்க்கவில்லை என்று ஆகிவிட்டால் பிறகு யார் பார்த்தது?

“வேண்டாம் தம்பி,” என்றேன். “நீங்க பாத்தீங்க. சம்பந்தம் இருக்குன்னே போடுங்க.”

“நெஜமாவாக்கா? எத்தன வருஷம் கட்டணும் தெரியும்ல?”

“தெரியும் லா. காகிதத்தப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் திரைப் பக்கம் திரும்பி மாற்றிப் போட்டார்.

அது நியாயமான ஒப்பந்தம் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். முதலாளி எனக்குச் சம்பளம் தருவது தூத்துக்குடிக்காரர்களிடம் சத்தம் போடத்தான், அதில் ஒரு பங்கு பள்ளிக்குப் போகிறது. யார் கேட்டாலும் இதைச் சண்டைபோட்டுச் சொல்வேன். ஆனால் அந்த நிரலை எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தப் பள்ளிதான் என்பதையும் மறைக்கமாட்டேன். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க என்னால் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டார், “எப்ப வர்ற?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்மா.”

“சரி சரி,” என்றார் அம்மா. அந்த முறை இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு எங்கள் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். வெளியே எல்ஆர்டி கண்ணாடியை மங்கலாக்கிக்கொண்டு ஜன்னலைக் கடந்து போயிற்று. தேடும் கட்டத்தில் தனியா என்று அடித்தேன். இருக்கிறது என்று வந்தது.